மேட மாதத்துக் குளிர்

அந்த வருஷத்துச் சித்திரையில், மலையாளத்தார் மேடம் என்கிற மாதத்தின் புழுக்கத்தில், கிழக்கேகோட்டைத் தெருக்களில் நாய்கள்கூட ஓடையோரத்து ஈரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. லலிதாம்பாள் மட்டும் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குளிரைக் காட்டிலும் அவளை வருத்தியது வேறொன்று. இந்தக் குளிர் யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நிரூபிக்கத்தான் வழியில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் சாம்பசிவன் சமஸ்தானத்தின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. குழந்தை இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் சாம்பசிவனின் அக்காள் பாகீரதி. இளம் வயதிலேயே கணவனை இழந்து தம்பியிடம் வந்து சேர்ந்தவள். ஒரு வேளைச் சாப்பாடு, ஏகாதசிப் பட்டினி, பிறர் தொட்ட துணியைத் தொடாத மடி என்று இருப்பவள். அடுக்களை முழுதும் அவள் ஆட்சி. அந்த அடுக்களையிலிருந்துதான் தன் நோய் இலைக்கு வருகிறது என்று லலிதாம்பாள் நம்பினாள்.

நோய் என்று பெயர் சொல்லவும் முடியாத நோய் அது. முதலில் குரல் போயிற்று. நவராத்திரியில் நாலு வீட்டார் கூப்பிட்டுப் பாடச் சொன்ன குரல், ஜலதோஷம் பிடித்த ஆண்பிள்ளையின் குரலைப்போலக் கரகரத்துத் தடித்தது. பிறகு முகம் ஊதியது. கண்ணுக்குக் கீழே நீர் கட்டியதைப்போலத் தோல் தொங்கிற்று. வாரும்போது சீப்போடு மயிர் கொத்தாக வந்தது. பசி குறைந்தது, உடம்போ பெருத்தது. யாராவது ஏதாவது கேட்டால், பதில் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் தாமதமாக வந்தது. அது வந்து சேர்வதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார். கண்ணாடியில் தெரிந்தவள் அவளுக்கு அறிமுகமில்லாத ஒரு சோம்பேறி.

அழகும் குரலும் சுறுசுறுப்பும் ஒருத்தியிடமிருந்து இவ்வளவு ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே கழன்று விழுமா? கழற்றுகிற கை ஒன்று இருக்கவேண்டும். மலையாளத்தார் கைவிஷம் என்பதையும் தமிழர் இடுமருந்து என்பதையும் அந்தத் தெருவில் அறியாதவர் இல்லை. சோற்றிலோ மோரிலோ கலந்து கொடுத்துவிட்டால் அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொல்லாமல் உருக்குலைக்கும் என்பார்கள்.

காரணமும் அவளிடம் இருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன்பு பாகீரதி தம்பியிடம் சொன்ன ஒரு வாக்கியம். "தென்காசியிலே நம்ம கல்யாணராமன் பொண்ணு இருக்காளே, கண்ணுக்கு லட்சணம், கைக்குச் சுறுசுறுப்பு." கல்யாணராமன் பாகீரதியின் கொழுந்தன். குழந்தையில்லாத தம்பிக்கு எதிரே ஒரு கன்னிப்பெண்ணின் லட்சணத்தைப் பற்றி ஏன் பேச்செடுக்கவேண்டும்? அந்த வாக்கியத்தை லலிதாம்பாள் தினமும் எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது தெளிந்துகொண்டே போயிற்று. பாகீரதி நெய்யை அதிகமாக ஊற்றினால், ஏதோ ஒரு வாசனையை மறைக்கிறாள். குறைத்து ஊற்றினால், இனி மறைக்க அவசியமில்லை என்று துணிந்துவிட்டாள். அவள் பேசாதிருந்தால் குற்றத்தின் மௌனம். பேசினால் குற்றத்தின் சாமர்த்தியம்.

வைகாசி பிறந்து, இடவ மாத மழை பிடித்த ஒரு மாலையில் அவள் கணவனிடம் சொல்லிவிட்டாள்.

"ஏன்னா, அக்கா கையாலே நான் இனிமே சாப்பிடமாட்டேன்."

சாம்பசிவன் நனைந்த குடையை மூலையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தான். "என்ன பறையறே நீ? அக்கா கையிலே என்ன?"

"அதை அவாகிட்டக் கேளுங்கோ."

கேட்க அவசியமிருக்கவில்லை. அடுக்களையிலிருந்து பாகீரதியே வெளியே வந்தாள்.

"சாம்பு, என் கையிலே விஷம் இருந்தா முதல்லே போகவேண்டியவன் நீயாக்கும். நீதான்டா மூணாம் தரம் கேட்டு வாங்கிக்கறே. இவ இலையிலே பாதியை அப்படியே வச்சுட்டு எழுந்திருக்கறா. விஷத்துக்கும் வேலை தெரியணும் பாரு, மிச்சம் வைக்கறவளை எப்படிக் கொல்லும்?"

"கேட்டேளா? விஷம்னு நான் சொல்லவே இல்லை. அவாதான் சொல்றா!" என்றாள் லலிதாம்பாள். அவள் குரல் ஏறவில்லை. ஏற்றக்கூட அதற்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து ஒரு மண்டலம் லலிதாம்பாள் தனக்கென்று தானே சமைத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. பின்கட்டில் தனி அடுப்பு, தனி உப்பு ஜாடி. அரிசி களைந்து உலையேற்றுவதற்குள் அவளுக்கு முற்பகல் கழிந்தது. குழம்பு அடிபிடிப்பதை மூக்கு சொல்லவில்லை; புகை கண்ணைக் கரித்தபிறகே தெரிந்தது. பாகீரதி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை; ஆனால் கிணற்றடியிலிருந்தும் கூடத்திலிருந்தும் அவளுடைய கண்கள் தன்மேல் இருப்பதை லலிதாம்பாள் உணர்ந்தாள். அந்த உணர்ச்சி பொய்யல்ல. பாகீரதி உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டலம் முடிந்தது. நோய் தணியவில்லை, முற்றியது. நியாயப்படி சந்தேகம் அங்கே செத்திருக்கவேண்டும். ஆனால் இடுமருந்து ஒருதரம் உள்ளே போய்விட்டால் வருஷக்கணக்கில் இருக்கும் என்பதை லலிதாம்பாள் நினைவுபடுத்திக்கொண்டாள். அப்படியானால் பாகீரதியின் சோற்றை நிறுத்தியும் குணமாகாததே, அது முன்னமே உள்ளே போயிற்று என்பதற்குச் சாட்சியல்லவா?

"அவா இங்கே இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்றாள் கணவனிடம். "ஆவணியிலே கல்யாணராமன் வராரே, கூட அனுப்பிச்சுடுங்கோ."

தென்காசிக்கு அனுப்புவதென்றால் என்ன என்பது மூவருக்கும் தெரியும். கல்யாணராமனின் மனைவி படுத்த படுக்கை. வீடு நிறையப் பிள்ளைகள். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ள மனமில்லாத மனிதர், "மன்னி நம்மாத்துலே வந்து இருக்கலாமே" என்று வருகிற போதெல்லாம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். அங்கே போனால் பாகீரதி அந்த அடுப்படியிலேயே கிடந்து முடியவேண்டியதுதான்.

மூன்றாம் நாள் சாம்பசிவன், கச்சேரியில் கேட்டு வந்த யோசனையைச் சொன்னான். ஊருக்குள்ளேயே, பாளையம் பகுதியில், ராகேல் என்று ஒரு லேடி டாக்டர். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மதராஸில் படித்தவள்.

"அவா பார்த்து விஷம்னு சொன்னா அக்காவை ஆவணியிலே அனுப்பிச்சுடறேன். இல்லேன்னு சொன்னா இந்தப் பேச்சு மதி, இனிமே எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம். ஆனா அக்காவும் வரணும். விஷம்னு சொல்றச்சே அவா முகத்தை நான் பார்க்கணும்."

வில்வண்டியில் மூவரும் போனார்கள்.

டாக்டர் ராகேலின் அறையில் ஒரு மேஜை, ஒரு திரை, சுவரில் ஒரு கடிகாரம். அவள் நாற்பதை நெருங்கிய, நிதானமான பெண். லலிதாம்பாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. லலிதாம்பாளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"என்ன செய்யுதம்மா ஒங்களுக்கு?"

லலிதாம்பாள் பதிலைத் தேடினாள். சொல்லவேண்டியவை ஏராளம், ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "குளிர்றது" என்றாள் கடைசியில்.

"எப்போலேருந்து?"

அவள் கணவனைப் பார்த்தாள். சாம்பசிவன் டாக்டரைப் பார்த்தான். "கொஞ்ச நாளா" என்றான்.

"வேர்க்குதா? மலம் ஒழுங்காப் போகுதா? தீட்டு?"

சாம்பசிவன் ஜன்னலுக்கு வெளியே இருந்த மாமரத்தில் கவனம் செலுத்தினான். லலிதாம்பாள் எல்லாவற்றுக்கும் தலையை அசைத்தாள். அது ஆமா இல்லையா என்று புரியவில்லை. அப்போது வாசற்படியில் நின்றிருந்த பாகீரதி பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"அவகிட்டக் கேட்டா சாயங்காலம் பதில் வரும். நான் சொல்றேன், கேட்டுக்கோங்கோ. போன வருஷம் மேடத்துலேருந்து இவளுக்கு வேர்வையே கிடையாது. ரவிக்கைக் கக்கத்துலே ஒரு கறை இல்லை. வேலை செஞ்சாத்தானே வேர்க்கும்னு நான் நினைச்சேன். கொல்லைப்பக்கம் போறது வாரத்துக்கு ஒருதரம் இருந்தா ஜாஸ்தி. தீட்டு வந்தா நாலாம் நாள் குளிச்சு உள்ளே வரவேண்டியவ எட்டு நாள் மூலையிலே உட்கார்ந்திருப்பா. அடுக்களைக்கு வராம இருக்க நல்ல சாக்கு! பகல்லே தூக்கம். தூங்கினா மரம் அறுக்கறாப்பிலே குறட்டை. பேசிண்டே இருக்கறச்சே கண்ணு சொருகிடும். புருவத்தைப் பாருங்கோ, வெளிப்பக்கத்துப் பாதி எங்கே? மையைத் தீட்டி மறைக்கறா. படி ஏறினா பிடிச்சுண்டு ஏறறது. நான் பார்க்கறேன்னு நினைச்சா மட்டும் இல்லை, தனியா இருக்கறச்சேயும் அப்படித்தான். நடிப்புன்னு பிடிக்கலாம்னு ஒளிஞ்சு நின்னு பார்த்திருக்கேன். பிடிபடலை!"

கடைசி வார்த்தையை அவள் மனத்தாங்கலோடு சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்திருந்தாள். "நாக்கு தடிச்ச மாதிரி பேச்சு எப்போலேருந்து?" என்று பாகீரதியையே கேட்டாள், பாகீரதியும் சொன்னாள். தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாதவற்றை, தன்னை வெறுக்கிறவள் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருப்பதை லலிதாம்பாள் திகிலோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கொலைகாரியைத் தவிர வேறு யார் இப்படிக் கவனிப்பார்கள்?

ராகேல் நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். புறங்கைத் தோலைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு லலிதாம்பாளை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினாள். பாதம் துள்ளியது. துள்ளிய பாதம் பழைய இடத்துக்கு யோசித்து யோசித்துத் திரும்பியது. இன்னொரு தரம் தட்டியபோதும் அப்படியே.

"விஷமில்லை" என்றாள் டாக்டர். "குரல்வளைக்கு முன்னால சின்னதா ஒரு சுரப்பி உண்டு. தைராய்டுன்னு பேரு. அது சுரக்கிற சாறு ரத்தத்துல கலந்து ஒடம்பு முழுக்கப் போகும். அடுப்புக்குக் காத்து எப்படியோ அப்படி. காத்து கொறஞ்சா அடுப்பு அணையாது, மங்கும். அதான் குளிருது. நெஞ்சு மெதுவா அடிக்குது, குடல் மெதுவா அசையுது, தோல் வறளுது, முடி கொட்டுது. தின்னது எரியாம ஒடம்புலயே தங்குது. குரல் தடிச்சதும் அதனாலதான். பிள்ளை தரிக்காததுக்குக்கூட அது காரணமா இருக்கலாம்."

"அது ஏன் கெட்டுப்போச்சு? யாராவது ஏதாவது கொடுத்தா கெடுமோ?" என்றாள் லலிதாம்பாள்.

"யாரும் கொடுக்க வேண்டாம். தானா சுருங்கிப்போறது உண்டு. ஏன்னு எங்களுக்கும் தெரியாது." ராகேல் சற்றுத் தயங்கினாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சாறு மூளைக்கும் வேணும். அது கொறஞ்சா சிலபேருக்கு, கூட இருக்கிறவங்க கேடு செய்யறாங்கன்னு தோணும். ரொம்ப உறுதியாத் தோணும்."

"அப்போ எனக்குப் பைத்தியமா?"

"இல்லம்மா. ஒங்களுக்குக் குளிருது. அவ்வளவுதான்."

அந்தப் பதில் லலிதாம்பாளுக்கு எரிச்சலை மூட்டியது. விஷமில்லை என்பது ஒரு முடிவு. ஆனால் விஷம் என்று நினைத்ததே நோய் என்பது என்ன நியாயம்? இனி அவள் எதைக் கண்டுபிடித்துச் சொன்னாலும் சுரப்பி சொல்கிறது என்று தள்ளிவிடலாம். எவ்வளவு வசதி! யாருக்கு வசதி?

மருந்து இருந்தது. மாத்திரை. தினம் ஒன்று, மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும், பிறகு ஆயுள் முழுதும். ராகேல் எதையும் மறைக்கவில்லை. "ஆட்டோட கழுத்துச் சுரப்பியை ஒணக்கிப் பொடிச்சுச் செஞ்சது. ஒங்க வீட்டுல கஷ்டம்னு தெரியும். வேற மருந்து என்கிட்ட இல்லை."

சாம்பசிவனின் முகம் வெளுத்தது. அவன் கை தன்னையறியாமல் பூணூலைத் தேடியது. லலிதாம்பாள் பாகீரதியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அருவருப்பு வந்தது. அதன்பின் அது எங்கோ போயிற்று.

"கொடுங்கோ" என்றாள் பாகீரதி. "குப்பியை யார் எடுத்துண்டு போறது? சாம்பு தொடமாட்டான். என் முந்தானையிலே போடுங்கோ. ஆத்துக்குப் போய்க் குளிச்சுக்கறேன்."

வண்டியில் திரும்பும்போது லலிதாம்பாள் கணவனிடம் சொன்னாள்: "விஷமில்லைன்னு அந்த டாக்டர் எப்படிச் சொல்லுவா? பேசினதெல்லாம் இவாதானே? சரி, ஆவணிவரைக்கும் மருந்து சாப்பிடறேன். குணமாகலேன்னா இவா தென்காசி போகணும்." சாம்பசிவன் அக்காளைப் பார்க்காமல் தலையசைத்தான். பாகீரதி முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் குப்பி கிணற்றடி மாடத்தில் இருந்தது. வீட்டுக்குள் அது வரக்கூடாது. பாகீரதி குளிக்குமுன் வந்து, ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள். பழுப்பு நிறம். லலிதாம்பாளின் மங்கிப்போன மூக்குக்கும் எட்டுகிற ஒரு வாடை.

லலிதாம்பாள் கையை நீட்டவில்லை. ஒரு கேள்வி இரவெல்லாம் அவளோடு கிடந்திருந்தது. வெங்காயம் நறுக்கிய அருவாமணையைக்கூடத் தொடாதவள், ஆட்டு மாம்சத்தைத் தொடுவதற்கு ஏன் இவ்வளவு முந்துகிறாள்? குப்பியில் டாக்டர் போட்டதுதான் இன்னும் இருக்கிறதா?

"நீங்க முதல்லே ஒண்ணு முழுங்குங்கோ" என்றாள்.

பாகீரதிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் கிணற்றுச் சுவரில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னடி சொல்றே? நானா?"

"விஷமில்லேன்னு எனக்குத் தெரியணுமோன்னோ?"

"பதினெட்டு வயசிலேருந்து நான் என்ன சாப்பிடறேன்னு உனக்குத் தெரியுமாடி? வெந்ததை ராத்திரி தொட்டதில்லை. முருங்கைக்காய் தொட்டதில்லை. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கணுமா உனக்கு?"

லலிதாம்பாள் கம்பளிக்குள் நின்றுகொண்டு பார்த்தாள். மழைத்தூறல் இருவர்மேலும் விழுந்தது. பாகீரதி மாத்திரையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் போட்டாள். தண்ணீர் இல்லாமல் விழுங்க முயன்றதில் தொண்டை இரண்டுதரம் குமட்டி, மூன்றாம் தரம் உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஆச்சு" என்றாள், கண்ணில் நீரோடு. "வாயைத் திறந்து காட்டணுமோ?"

"காட்டுங்கோ."

காட்டினாள். அதன்பிறகு லலிதாம்பாளும் விழுங்கினாள். பாகீரதி அன்று வாளி வாளியாகத் தலையில் நீரை ஊற்றிக்கொண்டாள். பகல் முழுதும் எதுவும் சாப்பிடவில்லை. நடந்ததை இருவரும் சாம்பசிவனிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. லலிதாம்பாள் அதைத் திருப்தியோடு கவனித்தாள். அதன்பின் ஒரு மத்தியானம் கழுத்தின் பின்புறத்தில் ஏதோ ஊர்வதாகத் துடைத்தாள். கை ஈரமாயிற்று. வேர்வை. அதை நம்பாமல் முகர்ந்து பார்த்தாள். அன்று கம்பளி மடிக்கப்பட்டது. முகத்தின் வீக்கம் நாளுக்கு நாள் வடிந்தது. கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் வந்தது. குரல் மட்டும் அவசரப்படவில்லை. என்றாலும் கரகரப்பின் அடியில் பழைய சாரீரம் எங்கோ இருப்பது கேட்டது. பின்கட்டு அடுப்பை அவளே கலைத்தாள். பாகீரதி போட்ட இலையில் மறுபடி உட்கார்ந்தாள்.

சந்தேகம் எந்த நாளில் போயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பழக்கம்போல அந்தப் பழைய வாக்கியத்தை எடுத்துப் பார்த்தபோது, அதற்கொரு பிற்பாதி இருந்தது. "கண்ணுக்கு லட்சணம், கைக்குச் சுறுசுறுப்பு, இருந்தும் ஒரு வரன் அமையலை பாரு, அந்த மனுஷன் கஞ்சத்தனத்தாலே." முழு வாக்கியத்தையும் அவள் அன்றே காதால் கேட்டிருக்கிறாள். பாதியை வைத்துக்கொண்டு பாதியை எறிந்தது யார்? அவளா, அவள் கழுத்திலிருந்த அந்தச் சுருங்கிய துணுக்கா? இதற்கு ராகேலிடமும் பதில் இருக்காது என்று தோன்றியது.

ஆவணி பிறந்ததும் கல்யாணராமன் வந்து இறங்கினார். அக்காளை அழைத்துப்போகலாம் என்று சாம்பசிவன் ஆடி மாதத்திலேயே அவருக்குச் சூசகமாகச் சொல்லிவைத்திருந்தான். அதை மாற்றிச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. மனைவியிடமும் அக்காளிடமும்கூட அவன் அதைப் பற்றிப் பேசவில்லை; யாராவது முதலில் பேசட்டும் என்று காத்திருந்தான்.

மறுநாள் காலையில் கல்யாணராமன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "மன்னிக்கு என்ன பெரிய சாமான்? ஒரு மூட்டை. பத்து மணி வண்டியைப் பிடிச்சுடலாம். ஏன் சாம்பு, ஒண்ணும் பறையாம நிக்கறே?"

லலிதாம்பாள் கிணற்றடிக்குப் போனாள். பாகீரதி அங்கே இருந்தாள். துவைக்கிற கல்லின்மேல் அவளுடைய மூட்டை கட்டித் தயாராக இருந்தது. யாரும் சொல்லாமலே கட்டியிருக்கிறாள். கையில் குப்பி.

"நானே எடுத்துக்கறேன் அக்கா" என்றாள் லலிதாம்பாள். "இப்பத்தான் ஞாபகம் இருக்கே."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் பாகீரதியின் விரல்கள் குப்பியை விடவில்லை.

"ஞாபகம் இருக்கும், யார் இல்லேன்னா? இதைத் தொட்டுட்டு நீ மறுபடி குளிக்கணும். அவனுக்குக் கச்சேரிக்கு நேரமாயிடும். நான் எப்படியும் குளிக்காதவதானே இப்போ. நான் எடுத்துத் தர்றதுதான் சௌகரியம்."

அது நியாயமான வாதம் அல்ல. லலிதாம்பாளும் இன்னும் குளிக்கவில்லை. அது பாகீரதிக்கும் தெரியும். அவள் குரலில் முதல் தடவையாக வசவில்லை, கேலியில்லை. பயம் மட்டும் இருந்தது.

லலிதாம்பாள் அந்தப் பயத்தைப் பார்த்தாள். அன்று மழையில் மாத்திரையை வாயில் போடுமுன் பாகீரதி வீட்டைத் திரும்பிப் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதிலிருந்து காத்த ஒன்றை அவள் விட்டுக்கொடுத்தது எதற்காக? தம்பி மனைவி பிழைக்கவேண்டும் என்றா, அல்லது அவள் பிழைத்தால்தான் தனக்கு இந்த வீடு என்றா? லலிதாம்பாளின் நாடி சீராக அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் வேர்வை பொடித்திருந்தது. மூளைக்கு வேண்டிய சாறு குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படியும் சந்தேகம் வந்தது. இதைச் சுரப்பியின்மேல் போட முடியாது. இது அவளுடையது.

கேட்டுவிடலாம். கேட்டால் பாகீரதி பொய் சொல்லமாட்டாள். அவளுக்கே பதில் தெரியுமா என்பதுதான் நிச்சயமில்லை.

"மன்னீ!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "வண்டிக்காரன் எத்தனை நாழி நிப்பான்?"

லலிதாம்பாள் மாத்திரைக்காக உள்ளங்கையைப் பாகீரதியிடம் நீட்டினாள்.

"அக்கா வரலேன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்கோ" என்று உள்ளே இருந்த கணவனை நோக்கி, தனக்கிருந்த குரலில் இயன்றமட்டும் உரக்கச் சொன்னாள். "என் மருந்தை அவாதான் தரணும்."